மதுரைக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆய்வு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. சத்து மாத்திரை இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது, அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. இத்தனைக்குப் பிறகும் 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 44.4 சதவீதம். அதாவது குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதற்கு மாநில அளவு எண்ணை வைத்து விடை சொல்ல முடியாது. மாவட்ட அளவுக்கு இறங்கினாலோ, அந்தக் கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்துக்கு வரும் கர்ப்பிணிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. 25 பேருக்குக் கீழே போனால் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். 25 முதல் 49 பேர் வரை என்றால் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டு, ‘எச்சரிக்கையோடு படிக்கவும்’ என்ற பொருளில் விட்டுவிடுவார்கள். மேலூர் பக்கத்து நிலைமை என்ன, சேடபட்டி பக்கத்து நிலைமை என்ன என்று தெரிய வேண்டுமானால் யாராவது நேரில் போய் அளந்தாக வேண்டும்.

சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள், செவிலியர் கல்லூரி மாணவிகள், தொண்டு நிறுவனங்களில் களப்பணி பார்ப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புள்ளியியல் பாடப் புத்தகத்தில் கிடைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, களத்தில் ஆய்வைக் கெடுக்கும் இரண்டு இடங்களில் நீண்ட நேரம் நிற்கப் போகிறேன். ஒன்று, நீங்கள் போகும்போது வீட்டில் இல்லாத கர்ப்பிணி. இன்னொன்று, விரல் நுனியில் எடுக்கும் ரத்தம். இந்த இரண்டிலும் கவனம் தவறினால், பின்னால் எவ்வளவு நுட்பமான கணக்குப் போட்டாலும் கிடைக்கும் எண் தப்பாகத்தான் இருக்கும்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

‘தாய் சேய் நலம் பற்றி ஆய்வு’ என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். எதை அளக்க முடியும் என்பதில் இருந்து தொடங்குங்கள்.

தாய் இறப்பையே எடுத்துக்கொள்வோம். அதைவிட முக்கியமான விஷயம் இல்லைதான். ஆனால் 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய் இறப்புகள். ஒரு வட்டாரத்தில் ஓராண்டில் சில ஆயிரம் பிறப்புகள் நடந்தால், அங்கே இரண்டு மூன்று இறப்புகள் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதை வைத்து விகிதம் கணக்கிடுவது அர்த்தமற்றது. அந்த இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து என்ன நடந்தது என்று ஆராய்வது வேறு வகை வேலை, அதை அரசு தனியாகவே செய்கிறது. ரத்தசோகை அப்படியல்ல. ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு இருப்பதால் சில நூறு பேரை அளந்தாலே நம்பத்தக்க விடை கிடைக்கும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: ‘செல்லம்பட்டி வட்டாரத்தில் இன்று நான்கு மாதம் தாண்டிய கர்ப்பிணிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது? கடந்த ஒரு மாதம் சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களிடம் அது குறைவாக இருக்கிறதா?’ யார், எங்கே, எப்போது, எதை அளக்கிறோம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ஒரு தரம் போய் அளந்துவிட்டு வரும் இந்த வகைக்குக் குறுக்குவெட்டு ஆய்வு என்று பெயர். பட்ட மேற்படிப்பு ஆய்வுக்கு இது போதும்.

எந்த எல்லைக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே என்பதுதான் நீண்ட காலப் பழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் அதை 10.5 ஆக்கியிருக்கிறது, முதல் மூன்றுக்கும் கடைசி மூன்றுக்கும் 11 அப்படியே இருக்கிறது. எதை எடுக்கிறீர்கள் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். பழைய கணக்கெடுப்புகளோடு ஒப்பிட விரும்பினால் இரண்டு எல்லைகளிலும் கணக்கிட்டுக் காட்டலாம். ஆனால் விடையைப் பார்த்த பிறகு எல்லையைத் தேர்ந்தெடுப்பது கூடவே கூடாது.

இரண்டாம் படி: நம் ஊரிலேயே நடந்ததைப் படியுங்கள்

வெளிநாட்டுக் கட்டுரைகளைத் தேடுவதற்கு முன் மதுரை அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லா குழுவின் வைட்டமின் ஏ ஆய்வுகளைப் படியுங்கள். 1990-இல் வெளியான முதல் ஆய்வு திருச்சிப் பகுதியில் 15,000-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடந்தது. வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. அடுத்தது, தமிழகக் கிராமங்களில் பிறந்த 11,619 குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு. 2003-இல் வெளியானது. ஆறு மாதம் வரையிலான இறப்பு 22 சதவீதம் குறைந்தது என்றது.

இதன் தொடர்ச்சிதான் முக்கியம். அந்த முடிவு மற்ற நாடுகளிலும் நிற்கிறதா என்று பெரிய ஆய்வுகள் நடந்தன. கானாவிலும் தான்சானியாவிலும் பலன் தெரியவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. தமிழகத்து ஆய்வு தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. தாய்மார்களிடம் ஏற்கெனவே எவ்வளவு குறைபாடு இருந்தது என்பது போன்ற காரணங்களால் ஒரு மருந்தின் பலன் ஊருக்கு ஊர் மாறலாம். உங்கள் ஆய்வறிக்கையில் ‘இந்தியக் கர்ப்பிணிகள்’ என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டு ‘இந்த வட்டாரத்துக் கர்ப்பிணிகள்’ என்று எழுதுங்கள்.

மூன்றாம் படி: அனுமதிகள்

வரிசை மாறக் கூடாது. முதலில் ஆய்வுத் திட்டம், பிறகு உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல், அதன் பிறகு பொது சுகாதாரத் துறையின் அனுமதி. அந்தக் கடிதத்தோடு மாவட்ட சுகாதார அலுவலரைப் பாருங்கள், அவர் வழியாக வட்டார மருத்துவ அலுவலரிடம் போங்கள். அங்கன்வாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக இருந்தால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலும் எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். படிப்புக் காலத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் முதல் ஆண்டிலேயே தொடங்குவது நல்லது. சிகிச்சை எதையாவது கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும்.

நெறிமுறைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்தான் அடிப்படை. அதைப் படிவம் நிரப்பும் வேலையாக நினைக்காமல், கீழே சொல்வதற்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி வையுங்கள்.

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே வந்தால் அந்தப் பெண்ணை அன்றைக்கே எங்கே அனுப்புவீர்கள்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் தொலைபேசி எண் யாரிடம் இருக்கும்? வண்டிச் செலவு யாருடையது? 7 முதல் 9.9 வரை இருப்பவர்களுக்கு ஊசி வழி இரும்புச்சத்து தேவைப்படலாம், அதை மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் அவர் பார்வைக்குப் போகும் வழியை நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும். அளந்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருவதற்கு நமக்கு உரிமை கிடையாது.

18 வயது நிரம்பாத கர்ப்பிணி நிச்சயம் கண்ணில் படுவார். பெற்றோர் ஒப்புதலும் அந்தப் பெண்ணின் சம்மதமும் வாங்குவது ஒருபக்கம். போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமை இன்னொரு பக்கம். இதை வாசற்படியில் நின்று யோசிக்கக் கூடாது. நெறிமுறைக் குழுவிடம் முன்பே பேசி, தகவல் தாளிலும் எழுதுங்கள்.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்ற பேச்சுக்கே உங்கள் படிவத்தில் இடம் இருக்கக் கூடாது. உசிலம்பட்டி பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. 1980-களின் நடுவில் பெண் சிசுக்கொலைச் செய்தி வெளியான காலத்தில் இருந்து அந்தப் பகுதிக்கு எத்தனையோ பேர் நோட்டும் கேமராவுமாக வந்து போயிருக்கிறார்கள். ஊர்ப் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. ‘மூத்தது எத்தனை பெண், எத்தனை பையன்’ என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்பது அங்கே வேறு மாதிரிக் காதில் விழும். உங்கள் கேள்விக்கு அந்த விவரம் தேவையில்லை என்றால் கேட்காதீர்கள். கிராமத்தின் பெயரையும் அறிக்கையில் போடாதீர்கள், வட்டாரம் வரை போதும்.

நான்காம் படி: எத்தனை பேரை அளப்பது

சூத்திரம் எளிது. 95 சதவீத உறுதிக்கான எண்ணான 1.96-இன் வர்க்கத்தை (3.84) எதிர்பார்க்கும் சதவீதத்தாலும், 100-இல் அது போக மிச்சத்தாலும் பெருக்கி, ஏற்கக்கூடிய பிழையின் வர்க்கத்தால் வகுங்கள். 48 சதவீதம், 5 புள்ளிப் பிழை என்று வைத்தால் 3.84 × 48 × 52 ÷ 25, அதாவது ஏறக்குறைய 384 பேர்.

இது ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால் சரி. நாம் ஊர் ஊராகக் கொத்தாக எடுக்கிறோம். ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே ரேஷன் கடை, ஒரே செவிலியர், ஏறக்குறைய ஒரே சாப்பாடு என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதற்காக 1.5-ஆல் பெருக்குங்கள்: 576. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் என்று வைத்து 0.9-ஆல் வகுத்தால் 640. முப்பது கொத்துகள் என்றால் ஒன்றுக்கு 22 பேர், மொத்தம் 660.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கொத்து என்றதும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வார்கள். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 14. இரண்டாயிரம் பேர் இருக்கும் கிராமத்தில் ஆண்டுக்கு 28 பிறப்புகள், அப்படியானால் ஒரு நேரத்தில் சுமார் 21 கர்ப்பிணிகள். அதில் ஆரம்ப மாதங்களில் இருப்பவர்கள் வெளியே சொல்லியே இருக்க மாட்டார்கள். 22 பேர் அங்கே கிடைக்கவே மாட்டார்கள். அதனால் துணை சுகாதார நிலையத்தைக் கொத்தாக வையுங்கள். ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. ஏறக்குறைய 50 கர்ப்பிணிகள் இருப்பார்கள், பட்டியலில் 40 பேராவது வருவார்கள்.

மாவட்டம் முழுக்க எடுப்பதாக இருந்தால், பதின்மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் துணை நிலையங்களையும் மக்கள் தொகையோடு வரிசையாக எழுதி, தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தை 30-ஆல் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அதில் இருந்து இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தெந்த நிலையம் என்று தெரிந்துவிடும். பெரிய நிலையத்துக்கு வாய்ப்பு அதிகம், அதுதான் நியாயம். எந்த நிலையத்துக்கு ரோடு நன்றாக இருக்கிறது என்று பார்த்து மாற்றாதீர்கள். பேருந்து அரிதாக வரும் ஊரில்தான் நீங்கள் தேடும் விடை இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: வீட்டில் இல்லாத கர்ப்பிணி

கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிகள் பட்டியல் இருக்கும். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் கிடைக்கும் எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிரமம் என்பதால், தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள்கூட இந்தப் பதிவுக்கு வந்துவிடுகிறார்கள். இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. வேறு பல மாநிலங்களில் இப்படியொரு பட்டியலை ஆய்வாளரே வீடு வீடாகப் போய்த் தயாரிக்க வேண்டும்.

ஆனால் பட்டியலில் இருக்கும் பெண் வீட்டில் இருக்க வேண்டுமே! ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். திருமங்கலத்தில் பதிவு செய்த பெண் கொட்டாம்பட்டியில் அம்மா வீட்டில் இருப்பார். கொட்டாம்பட்டிக்கு நீங்கள் போனால், திருப்பூரில் பதிவு செய்துவிட்டு வந்திருக்கும் மகளைப் பார்ப்பீர்கள். ‘இவர் நம் பட்டியலில் இல்லை’ என்று விட்டுவிடுவீர்கள். திருமங்கலத்தில் ‘வீட்டில் இல்லை’ என்று அடித்துவிடுவீர்கள். இரண்டு இடத்திலும் அதே வகைப் பெண்தான் விடுபடுகிறார்: முதல் கர்ப்பம், கடைசி மாதங்கள்.

அதன் விளைவைக் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் ஆய்வில் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாம், மூன்றாம் பிரசவக்காரர்களாக ஆகிவிடுவார்கள். முதல் குழந்தைக்கும் இதற்கும் இடைவெளி குறைவாக இருந்தால் அவர்கள் உடம்பில் இரும்புச்சத்து சேமிப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். கடைசியில் ‘மாதம் ஏற ஏற ரத்தசோகை கூடுகிறது’ என்று ஒரு முடிவு வரும். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தலைப்பிரசவக்காரர்கள் காணாமல் போனதால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

தீர்வு ஒன்றும் கடினமில்லை. ‘நேற்று இரவு இந்தத் துணை நிலைய எல்லைக்குள் தூங்கிய, நான்கு மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் எல்லோரும்’ என்று வரையறையை வையுங்கள். பதிவு எங்கே என்பது பொருட்டே இல்லை. செவிலியரின் பட்டியலோடு, தெருவுக்குத் தெரு அங்கன்வாடிப் பணியாளரிடம் ‘பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள்கள் யார் யார்?’ என்று தனியாகக் கேட்டு இன்னொரு பட்டியல் எழுதுங்கள். அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியாத வளைகாப்பு ஊரில் நடக்காது. இரண்டு பட்டியலையும் சேர்த்து எண் போட்டு, அதில் இருந்து குலுக்கி எடுங்கள்.

இன்னொரு வகையினர் இரண்டு பட்டியலிலுமே இருக்க மாட்டார்கள். செங்கல் சூளையில் தங்கி வேலை பார்க்கும் குடும்பங்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள். சூளை இருக்கும் எல்லையில் அங்கேயே ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள். ரத்தம் மிகக் குறைந்த பெண்ணைப் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் பார்ப்பீர்கள்.

தேர்ந்தெடுத்த பெண் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியை மாற்றாக எடுக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் காரணத்தைக் குறியீட்டோடு எழுதுங்கள்: வேலைக்குப் போயிருக்கிறார், ஊருக்குப் போயிருக்கிறார், மறுத்துவிட்டார், மருத்துவமனையில் இருக்கிறார். அவருடைய வயது, எத்தனையாவது கர்ப்பம், கடைசியாகப் பதிந்த ஹீமோகுளோபின் ஆகியவை செவிலியர் பதிவேட்டில் இருக்கும். நெறிமுறைக் குழு அனுமதித்திருந்தால், பெயர் இல்லாமல் அவற்றை எடுத்து, கிடைத்தவர்களோடு ஒப்பிட்டு அறிக்கையில் ஓர் அட்டவணையாகப் போடுங்கள். ஓர் ஆய்வறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது இந்த அட்டவணையைத்தான்.

ஆறாம் படி: கேள்வித்தாள்

சுருக்கமாக வையுங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மாசமாக இருக்கும் பெண்ணைத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது கொடுமை.

‘சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். இன்னொரு தொல்லை, பதிலை வேறு ஒருவர் சொல்லிவிடுவார். களத்தில் அடிக்கடி நடப்பது இப்படித்தான் இருக்கும். களப்பணியாளர் கேள்வியை முடிக்கும் முன்பே மாமியார், “அவ எல்லாம் ஒழுங்காத்தேன் போடுறா, நாந்தேன் எடுத்துக் குடுக்குறேன்” என்பார். மருமகள் சிரித்துவிட்டுக் கீழே பார்ப்பார். இந்த இடத்தில் மாமியாரை வெளியே போகச் சொன்னால் கதை முடிந்தது. இருவராகப் போயிருந்தால் இன்னொருவர், “அம்மா, நீங்க இப்படி உக்காருங்க, உங்களுக்குப் பிரஷர் பாத்துருவோம்” என்று திண்ணையின் மறுபக்கம் கூட்டிப் போகலாம். அவருக்கும் பயன், நமக்கும் பத்து நிமிடம். அந்த நேரத்தில், “அட்டையைக் கொஞ்சம் காட்டுறியாம்மா? போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம்தான் என்ற தொனி கேள்வியிலேயே இருக்க வேண்டும். அட்டை வந்ததும் வாங்கிய தேதி, மிச்சம் உள்ள மாத்திரை இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் விட்டார் என்பதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்: குமட்டல், மலச்சிக்கல், ‘கருப்பாப் போகுது’, ‘பிள்ளை பெருசாயிரும்னு அத்தை சொன்னாக’. இந்த ஒரு கேள்வி, சாப்பாடு பற்றிய இருபது கேள்விகளைவிட உபயோகமானது.

கடைசி மாதவிலக்குத் தேதி பலருக்குத் தேதியாக நினைவிருக்காது. திருவிழாக்களை வைத்து ஒரு நாட்காட்டி தயாரித்துக்கொள்ளுங்கள்: பொங்கல், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, மாசிப் பச்சை, அழகர் ஆற்றில் இறங்கிய நாள், ஆடிப்பெருக்கு, தீபாவளி. “அழகர் எறங்குனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். முதல் ஸ்கேன் தாள் இருந்தால் அதில் உள்ள தேதியே மேல்.

களத்துக்குப் போகும் முன், ஆய்வில் சேராத ஓர் ஊரில் சிலரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்துங்கள்.

ஏழாம் படி: ரத்தம்

சாலி முறை வேண்டாம். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் அந்த முறையில் ஆளுக்கு ஆள் எண் மாறும். மாத்திரை பலன் தருகிறதா என்று பார்க்கும்போது அரை கிராம் வித்தியாசமே பெரிது. முதல் தேர்வு, நரம்பில் எடுத்த ரத்தத்தைத் தானியங்கிக் கருவியில் ஆய்வகத்தில் அளப்பது. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி எடுத்து, குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். ஐஸ் கட்டி நேரடியாகப் படாமல் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். இதற்குப் பணமும் ஆளும் இல்லாதவர்கள் ஹீமோக்யூ போன்ற கையடக்கக் கருவியை எடுக்கலாம். விரல் நுனி ரத்தம் நரம்பு ரத்தத்தைவிட ஏற்ற இறக்கம் கொண்டது. அதனால் பத்தில் ஒருவருக்காவது இரண்டு விதமாகவும் எடுத்து வித்தியாசத்தைப் பதியுங்கள்.

விரலில் எடுப்பது சின்ன வேலையாகத் தெரியும். அதில்தான் ஆய்வு கெடும். பெண்ணை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கச் சொல்லுங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரல். ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். நடு நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் ஒரே குத்தாகக் குத்துங்கள். முதல் இரண்டு சொட்டுகளைத் துடைத்துவிடுங்கள். அடுத்த சொட்டு தானாகப் பெரிதாகத் திரண்டு வர வேண்டும். வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசுவில் உள்ள நீரும் சேர்ந்து வந்து எண் குறைந்து காட்டும். மைக்ரோக்யூவெட் (ரத்தத்தை உறிஞ்சிக் கருவிக்குள் வைக்கும் சிறு பிளாஸ்டிக் தகடு) ஒரே இழுப்பில் நிறைய வேண்டும், பாதி நின்றபின் மேலும் தொட்டு நிரப்பக் கூடாது. வெளிப்பக்கத்தைத் துடைத்து, உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழி இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் வேறு விரலில் எடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைப் பக்கம் வேலை செய்தால் இன்னொரு ஆபத்து. சில வகைக் க்யூவெட்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. பைக் பெட்டிக்குள் மதியம் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைப் படித்து, அதற்கேற்ற பையில் எடுத்துப் போங்கள். திறந்த டப்பாவை உடனே மூடுங்கள், ஈரக்காற்று புகுந்தாலும் எண் மாறும். தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுக் கரைசலில் கருவியைச் சோதித்து, அந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

கருவி காட்டும் எண்ணைத் தசமத்தோடு அப்படியே எழுத வேண்டும். 10.9-ஐ 11 ஆக்கினால் ஒரு நோயாளி ஆரோக்கியமானவர் ஆகிவிடுகிறார். வாரம் ஒருமுறை எண்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 10, 11, 12 என்ற முழு எண்கள் மட்டும் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால் யாரோ முழுதாக்கி எழுதுகிறார்கள்.

ஊசிகள் குத்து தாங்கும் வெள்ளைப் பெட்டியில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பையில். அவர்கள் வீட்டுக் குப்பையில் எதையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

எண் வந்ததும் அந்தப் பெண்ணிடமே முதலில் சொல்லுங்கள், ஒரு சீட்டில் எழுதியும் கொடுங்கள். காபி, டீயோடு மாத்திரை போடக் கூடாது, எலுமிச்சை, நெல்லி, கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ளதோடு இரும்புச்சத்து நன்றாகச் சேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘இதனால் எங்கள் ஆய்வின் முடிவு மாறிவிடுமே’ என்று சிலர் தயங்குவார்கள். ஒரு தரம் மட்டும் அளக்கும் ஆய்வில் எதுவும் மாறாது.

எட்டாம் படி: நேரமும் ஆளும்

நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலை ஒன்பது மணிக்குப் போனால் தெருவே காலியாக இருக்கும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை நான்குக்குப் பின். நெல் நடவு, அறுப்பு சமயத்தில் இன்னும் தாமதம். சித்திரைத் திருவிழா வாரத்தில் களவேலை வைக்கவே வைக்காதீர்கள், யாரும் இருக்க மாட்டார்கள், உங்கள் ஆட்களும் வர மாட்டார்கள். ஆடியில் புதுப்பெண்கள் தாய் வீட்டில் இருப்பார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

களப்பணியாளர்கள் பெண்களாக இருப்பது கிட்டத்தட்ட கட்டாயம். செவிலியர் உங்களோடு முதல் முறை வந்து அறிமுகப்படுத்தட்டும், ஆனால் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் வேண்டாம். மாத்திரை கொடுத்தவர் முன்னால் யாரும் ‘போடவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: பதிவும் கணக்கும்

கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் படிவம் தயாரித்துக் கைபேசியிலேயே நிரப்பலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஹீமோகுளோபின் 3-க்குக் கீழோ 18-க்கு மேலோ போட்டால் ஏற்காதபடி எல்லை வையுங்கள். பெயர், தொலைபேசி எண், பதிவு எண் மூன்றும் தனிக் கோப்பில், பூட்டி. ஆய்வுக் கோப்பில் குறியீட்டு எண் மட்டும்.

கணக்கிடும்போது சதவீதத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். உதாரணத்துக்கு, 600 பேரில் 270 பேருக்கு ரத்தசோகை என்று வந்தால் 45 சதவீதம். கொத்தாக எடுத்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை 40-க்கும் 50-க்கும் இடையில் இருக்கலாம். அப்படியே எழுதுங்கள். மாத்திரை போடுபவர்களிடம் ரத்தசோகை அதிகமாக வந்தாலும் பதறாதீர்கள். ரத்தம் குறைவு என்று தெரிந்த பிறகுதான் பலர் ஒழுங்காகப் போடத் தொடங்குகிறார்கள். ஒரு தரம் அளந்த ஆய்வு எது முதலில் வந்தது என்று சொல்லாது. அதனால் ‘தொடர்பு இருந்தது’ என்று எழுதலாம், ‘காரணமாக அமைந்தது’ என்று எழுதக் கூடாது.

பத்தாம் படி: ஊருக்குத் திருப்பிச் சொல்வது

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வட்டார மருத்துவ அலுவலர் கூட்டும் செவிலியர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராமசபையில் ஊராட்சி நிர்வாகத்திடம் சொல்லிப் பேசலாம். எண்ணைவிட, மாத்திரையை ஏன் விடுகிறார்கள் என்று பெண்கள் சொன்ன காரணங்கள்தான் அங்கே பேச்சைக் கிளப்பும். குமட்டலுக்குப் பயந்து விடுகிறவர்களுக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லலாம் என்பது போன்ற வழிகளைச் செவிலியர்களே எடுத்துச் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். துணை சுகாதார நிலையம் வாரியாக, யார் முதலிடம், யார் கடைசி என்று வரிசைப்படுத்திய அட்டவணையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு நிலையத்தில் நீங்கள் அளந்தது 22 பேரை. அதில் 45 சதவீதம் என்று வந்தால் உண்மை 24-இல் இருந்து 66 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த எண்ணை நம்பி ஒரு செவிலியருக்கு மெமோ போனால், அடுத்த ஆய்வாளர் வரும்போது அவர் பட்டியலைக் காட்ட மாட்டார்.